பெயர் தெரியாத பாட்டனைத் தேடி: பழைய வழக்கேடுகளும் உயில் பதிவேடுகளும்

சித்தூர் மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள பாலசமுத்திரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர், நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த தம் முப்பாட்டனைப் பற்றி அறிய விரும்புகிறார் எனக் கொள்வோம். அம்முன்னோர் ஜமீன்தாரும் அல்லர்; புலவரும் அல்லர். கல்வெட்டிலோ வரலாற்று நூலிலோ அவர் பெயர் இராது. எனினும், எளிய மனிதரையும் எழுத்தில் பதித்து வைத்த இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று நீதிமன்றம், மற்றொன்று பத்திரப் பதிவு அலுவலகம். சொத்து கைமாறும்போதும், அதன் மீது பிணக்கு எழும்போதும் சாமானியரின் பெயர் ஏட்டில் ஏறுகிறது. அதனைக் கண்டறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர் ஒன்று, ஆட்சி எல்லைகள் பல

தேடுவோர் முதலில் கேட்க வேண்டிய வினா, 'அந்த ஆண்டில் இவ்வூர் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது?' என்பதாகும். பாலசமுத்திரம் பகுதி முன்னர் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; அன்று அம்மாவட்டத்தின் தலைநகர் சித்தூரே. 1911, ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. வட ஆற்காட்டின் தலைநகர் வேலூருக்கு மாறியது. 1953, அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் அதில் சேர்ந்தது. 1960, ஏப்ரல் 1ஆம் நாள் படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022, ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் உருவானது.

மேல்முறையீடுகளும் இவ்வாறே இடம் மாறின. 1862இல் நிறுவப்பட்ட சென்னை உயர்நீதிமன்றமே 1954 வரை இப்பகுதிக்கு உயர்நீதிமன்றமாக விளங்கியது. அதன்பின் அவ்விடத்தைக் குண்டூரும், 1956இல் ஐதராபாத்தும், 2019இல் அமராவதியும் ஏற்றன. ஆகவே ஒரே குடும்பத்தின் வழக்கேடுகள் இன்று இரு மாநிலங்களில் பிரிந்து கிடத்தல் இயல்பே. வட ஆற்காட்டுக் கலெக்டர் அலுவலகப் பழைய தொகுதிகளைத் தேடுவோர் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொடங்குதல் நன்று.

உயில் எங்கே?

மேலைநாட்டு வம்சாவளி ஆய்வாளர்கள் முதலில் நாடுவது 'புரொபேட்' எனப்படும் உயில் மெய்ப்புச் சான்றையே. நம் நாட்டில் இவ்வழி பெரும்பாலும் நகரங்களுக்கே பொருந்தும். 1870ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம், தென்னகத்தில் சென்னை நகர எல்லைக்குட்பட்ட உயில்களையும் அந்நகரிலுள்ள நிலங்களைப் பற்றிய உயில்களையும் மட்டுமே தழுவியது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் இந்துக்களுக்கான புரொபேட் கட்டாயம் ஏறத்தாழ இவ்வரம்புக்குள்ளேயே வைக்கப்பட்டது. எனவே சித்தூர்க் கிராமத்தார் ஒருவருக்குப் புரொபேட் கிடைக்கவில்லை என்றால், அவர் உயிலே எழுதவில்லை என்றோ சொத்தே இல்லாதவர் என்றோ முடிவு கட்டலாகாது.

அத்தகையோரின் உயில்களைச் சார்பதிவாளர் அலுவலகத்தின் மூன்றாம் புத்தகத்தில் தேட வேண்டும். உயிலைப் பதிவு செய்தல் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளதால் எல்லா உயில்களும் அதில் இரா. எனினும், 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு ஒரு வாய்ப்பை அளிக்கிறது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் வழங்கப்படும். அவர் இறந்தபின் விண்ணப்பிக்கும் எவரும் நகல் பெறலாம்.

பெயரை விட்டு நிலத்தைப் பற்றுக

பதிவு அலுவலகத்தில் நிலம் சார்ந்த பத்திரங்கள் முதற்புத்தகத்தில் அடங்கும். அதன் முதல் அட்டவணை எழுதிக்கொடுத்தவர், எழுதிப்பெற்றவர் ஆகியோரின் பெயர்வரிசையில் அமைந்தது. இரண்டாம் அட்டவணை சொத்தின் வரிசையில் அமைந்தது. நம் முன்னோர் பத்திரமே எழுதாதவராக இருக்கலாம். ஆயினும் பக்கத்து நிலத்தின் கிரயப் பத்திரத்தில், நான்கெல்லை கூறுமிடத்தில், 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று அவர் பெயர் வந்திருக்கக்கூடும். சாட்சியாகவும் கையொப்பமிட்டிருக்கலாம், கைநாட்டும் வைத்திருக்கலாம். எல்லைக்காரரையும் சாட்சியையும் பெயர் அட்டவணை காட்டாது. ஊரும் புல எண்ணும் கொண்டு தேடுவோரே அவர்களைக் காண்பர்.

பெயரை மட்டும் நம்புவதில் வேறு இடர்களும் உள. இப்பகுதியின் ஆவணங்கள் தெலுங்கிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்துள்ளன. தெலுங்கு வழக்கில் வீட்டுப்பெயர் முன்னே நிற்கும். தமிழ்ப் பத்திரத்தில் 'இன்னார் குமாரர்' எனத் தந்தை பெயர் முன்னே நிற்கும். ஆங்கில எழுத்தரோ தம் செவியில் விழுந்தவாறு எழுதினார். ஆண்டுக் கணக்கிலும் விழிப்பு வேண்டும். பசலி 1300 என்பது 1890 சூலை முதல் 1891 சூன் வரையிலான ஆண்டாகும்.

மானிய நிலம் வைத்திருந்த குடும்பத்தாருக்கு 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகள் பெருந்துணையாவன. அனுபவதாரரின் பெயர், வயது, மானியம் பெற்ற முதல்வரோடு அவருக்குள்ள உறவு ஆகியவை அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. ஜமீன் கிராமங்களில் அரசின் வருவாய்க் கணக்குகள் குடியானவரைப் பற்றிக் குறைவாகவே பேசும். அங்கு 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டத்தின் கீழ் நடந்த குத்தகை வழக்குகளைக் காண்பது பயன் தரும்.

வழக்கு காக்கும் வம்சாவளி

பாகப்பிரிவினை வழக்கிலும் சுவீகார வழக்கிலும் உறவுமுறையை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், பிராதிலேயே வம்சாவளி இணைக்கப்படுவதுண்டு. 1937ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்னும் பின்னும், கணவன் வழிச் சொத்தைப் பெற்ற விதவை தன் ஆயுள்வரை வரம்புக்குட்பட்ட உரிமையே பெற்றிருந்தாள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே இந்நிலையை மாற்றியது. அவள் நிலத்தை விற்றால், பின்னுரிமையாளர் தம் உறவை மூன்று நான்கு தலைமுறை வரை நிறுவி வழக்காடினர். குடும்பத்தார் மறந்துவிட்ட பாட்டியின் பெயரும் அவளது வாக்குமூலமும் அவ்வழக்குக் கட்டில் எஞ்சியிருக்கலாம்.

பெரிய குடும்பங்களில் இதற்குச் சிறந்த சான்று சிவகங்கை வழக்காகும். ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவர் 1829இல் மறைந்தார். அவருடைய மனைவியர், மகளிர், அண்ணன் வழியினர் ஆகியோரிடையே நீண்ட வழக்கு, 1863இல் இலண்டன் பிரிவி கவுன்சில் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததோடு ஒரு கட்டத்தை எட்டியது. அக்குடும்பத்தின் உறவுமுறை அச்சேறிய தீர்ப்பிலேயே நிலைத்துவிட்டது. எளியோரின் வழக்குகள் அச்சேறவில்லை. அவை முன்சீப் நீதிமன்றக் கட்டுகளாகவே நின்றன.

கடல் கடந்தோர்

ஊரில் சுவடே இல்லாதவர் கடல் கடந்தவராக இருக்கலாம். 1860 முதல் 1911 வரை 1,52,184 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். வட ஆற்காட்டினரும் அவர்களுள் அடங்குவர். கப்பல் பட்டியல்களில் தந்தை பெயர், மாவட்டம், ஊர் ஆகியவை பதியப்பட்டன. அங்கு இறந்தோரின் சொத்துக் கோப்புகளில் பெற்றோர், மனைவி, மக்கள் பற்றிய விவரங்களைக் காணலாம். இங்கு அறுந்த இழையை அங்கிருந்து மீண்டும் பற்றலாம்.

ஏடுகளைக் காத்தல்

இத்தேடல் வெறும் குடும்பப் பெருமைக்கன்று. வாரிசுரிமை, நில உரிமை, பெண்களின் பங்கு ஆகியவை இவ்வேடுகளையே நம்பியுள்ளன. 1917ஆம் ஆண்டின் ஆவண அழிப்புச் சட்டம், தேவையற்ற வழக்குத் தாள்களைக் கழிக்க விதிகள் வகுக்கும் அதிகாரத்தை உயர்நீதிமன்றங்களுக்கு அளித்தது. தீர்ப்பும் தீர்ப்பாணையும் நெடுங்காலம் காக்கப்பட, பிராதும் சாட்சியமும் முன்னதாகவே கழிக்கப்படுவது வழக்கம். எளியவரின் சொந்தக் குரல் இருப்பதோ சாட்சியத்தில்தான். மத்திய அரசு, ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றின் ஆவணங்களைப் பொறுத்தவரை, 1892க்கு முற்பட்டவற்றை அழிப்பதற்கு 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் தடை விதித்துள்ளது. சிதைந்து பயனற்றுப் போனவை மட்டுமே விலக்கு. மாவட்ட நீதிமன்றக் கட்டுகளுக்கும் இத்தகைய கண்ணோட்டம் தேவை.

2023, செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற மின்னணு நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பழைய வழக்கேடுகளை மின்னணு வடிவாக்குதல் அதன் முக்கியப் பணிகளுள் ஒன்றாகும். எந்தக் கட்டு முதலில் ஒளிவருடப்பட வேண்டும், எது கழிக்கப்படலாம் என்று முடிவு செய்யும் அலுவலர், அதற்குமுன் ஊர், புல எண், கட்சிக்காரர் பெயர் கொண்ட அட்டவணை ஒன்றைத் தயாரித்தல் வேண்டும். அட்டவணையின்றிக் காக்கப்படும் ஏடு காணாமற்போன ஏட்டுக்கு நிகரே. பாலசமுத்திரத்து முப்பாட்டன் இன்னும் ஏதோ ஒரு கட்டில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கலாம். அவரைப் பேரன் கண்டடைவது ஆவண அறைப் பணியாளரின் கையிலும் உள்ளது.