கல் இல்லாத கரையும் கல் பயிலும் கல்லூரியும்

இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஆனால் அவற்றுக்கு வேண்டிய கருங்கல் அந்தத் தீவில் இல்லை. மணலும், பழைய பவளப்பாறைகள் இறுகி உருவான சுண்ணாம்புக் கல்லுமே அந்த நிலத்தின் செல்வம் என்பதால், இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் திருப்பணிக்குக் கல் வெளியிலிருந்தே வந்து சேரவேண்டியிருந்தது. இன்று இக்கரையில் பிறந்து சிற்பமோ ஓவியமோ பயில விரும்பும் மாணவர், அந்தக் கல் வந்த வழியே திரும்பி நடக்க வேண்டியவராக இருக்கிறார். இராமநாதபுரம் மாவட்டத்தில் அரசுக் கவின்கலைக் கல்லூரி எதுவும் இல்லாத நிலையில், சென்னையோ கும்பகோணமோ மாமல்லபுரமோதான் அவர் செல்லக்கூடிய இடங்கள். சேதுபதிகளின் சேது நாட்டோடு நெருங்கிய உறவு கொண்ட மாமல்லபுரம் கல்லூரியின் பயிற்சி முறையை மட்டும் இப்பகுதி ஆராய்கிறது.

1957ஆம் ஆண்டு சிற்பப் பயிற்சி மையமாகத் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு முதலில் பொறுப்பேற்றவர் பிள்ளையார்பட்டியைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதி. ஸ்தபதி என்பவர் கோயிலையும் சிலையையும் அளவு குறித்து வடிவமைத்து, பணியாளர்களை நடத்திச் செல்லும் தலைமைச் சிற்பி. பிள்ளையார்பட்டி இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும், 1985இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இராமநாதபுரத்தின் ஊராகவே இருந்தது. அவருக்குப்பின் 1960களின் தொடக்கம் முதல் 1988 வரை கல்லூரியை நடத்தியவர் அவருடைய மகன் வை. கணபதி ஸ்தபதி. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையை வடித்தவராக உலகறிந்த அவர், தமிழில் ‘சிற்பச் செந்நூல்’ எழுதி, பரம்பரை அறிவைப் பாடநூலாகவும் ஆக்கியவர்.

இந்த மாற்றத்தின் கனத்தை உணர்வதற்கு, முன்பு இக்கலை எவ்வாறு கைமாறியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தையிடமிருந்து மகனுக்கு, பட்டறையிலேயே, சொல்லைவிடக் கையசைவால் கற்பிக்கப்பட்ட ஒரு தொழில், வகுப்பறைக்கும் தேர்வுக்கும் பட்டத்துக்கும் உரியதாக மாறியபோது, பரம்பரைச் சிற்பிகளான விசுவகர்மக் குடும்பங்களுக்கு வெளியே பிறந்தவர்களுக்கும், பெண்களுக்கும் அதன் கதவு திறந்தது. இது சிறிய பேறு அன்று. நான்காண்டுப் பட்டப்படிப்பாக, மரபுக் கட்டடக்கலை ஒரு பிரிவாகவும், கல், உலோகம், மரம், சுதை ஆகியவற்றில் சிற்பம் இன்னொரு பிரிவாகவும், மரபு ஓவியம் தனியாகவும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. சுதை என்பது செங்கல் அடிப்படையின் மேல் சுண்ணாம்புச் சாந்தால் உருவம் வளர்க்கும் முறை. கோபுரங்களில் நாம் அண்ணாந்து பார்க்கும் உருவங்களில் பெரும்பாலானவை இவ்வகையின.

மாணவரின் முதல் கருவி உளி அன்று, அளவு. சிற்ப நூல்கள் உருவத்தின் உயரத்தைத் தாலம் என்னும் அலகால் சொல்கின்றன. ஒரு தாலம் என்பது ஒரு முகத்தின் நீளம். அதனைப் பன்னிரண்டாகப் பகுத்தால் வருவது ஓர் அங்குலம். ஒன்பது முகநீளம் கொண்ட நவதால உருவம் 108 அங்குலம் ஆகிறது. முதன்மைத் தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலம் 124 அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாலமே போதும். இந்த அங்குலம் கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று என்பதே புதிய மாணவர் முதலில் கடக்கும் தடை. உத்தம தசதால உருவத்தின் மொத்த உயரத்தையே 124 பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்குதான் அந்தச் சிலையின் அங்குலம் ஆகையால், சாண் உயரச் சிலைக்கும் ஆளுயரச் சிலைக்கும் ஒரே விகிதம் நிற்கிறது. ஒவ்வொரு சிலையும் தனக்குரிய அளவுகோலைத் தன் உடலிலேயே கொண்டிருக்கிறது.

அளவுக்குப் பின்னரே உளி. கல்லைத் தட்டி ஓசை கேட்டு உள்வெடிப்பு அறிவது, மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி அடித்துப் பதம் ஏற்றுவது, கரடான பாளத்தைச் சமதளமாக்குவது ஆகியவை பார்வைக்கு எளியவை. ஆனால் மாதங்களை விழுங்குபவை. சதுரத் தூணை எண்பட்டையாக்குவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 24 பங்காக்கி, இரு மூலைகளிலும் ஏழு ஏழு பங்கை விட்டு நடுவில் பத்தை நிறுத்தி, மூலைகளைச் சரித்து வெட்டினால், எட்டுப் பட்டைகளும் ஏறக்குறையச் சம அகலம் பெறுகின்றன. கணக்கைத் தாளில் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம். கல்லில் அது நேராக வருவதற்கு, கை பலமுறை தவறிப் பழக வேண்டும். பருவத் தேர்வுகளின் கால அட்டவணை எவ்வளவு பயனுடையதாயினும், கைக்குரிய இந்த நேரத்தை அது குறைக்குமானால், கல்லூரி தன் தலையாய பாடத்தையே இழந்துவிடும். எழுத்துத் தேர்வில் தாலக் கணக்கைப் பிழையின்றி எழுதும் ஒருவர் கல்லின் முன் தடுமாறுவது, கையும் கணக்கும் பிரிந்துபோனதன் விளைவே.

சேது நாட்டு மாணவருக்கு இன்னொரு பாடநூலும் உண்டு. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள், தஞ்சை மராத்தியரோடு நிகழ்ந்த போரையும் மன்னர் ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியையும் காட்டுகின்றன. புராணத்தோடு நில்லாமல் தன் காலத்தையும் சுவரில் எழுதிய அந்த ஓவியர்களை, விடுமுறைக்கு வீடு திரும்பும் ஓவிய மாணவர் நின்று நிதானமாகப் படியெடுத்துப் பார்க்க வேண்டும்.

கல் இல்லாத இக்கரைக்குச் சுண்ணாம்பு மட்டும் குறைவின்றிக் கிடைத்தது. பவளக்கல்லையும் கடற்சிப்பியையும் சூளையிலிட்டுச் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்தாக்கும் வழக்கம் தமிழகக் கட்டுமானங்களில் இருந்தது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டு, 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பைப் பெற்றதால், பவளக்கல் இனிச் சூளைக்குப் போகாது, போகவும் கூடாது. எனவே சுதைப் பிரிவில் பட்டம் பெற்று ஊர் திரும்பும் மாணவருக்கு எஞ்சியிருப்பது சிப்பிச் சுண்ணாம்பும், கோபுரத்தின் சுதை உருவங்களை ஓயாமல் அரிக்கும் உப்புக் காற்றும்தான். அந்தக் காற்றைத் தாங்கும் சாந்தின் பக்குவத்தை அடுத்த பகுதி விளக்கும்.