சட்டம் கைவிட்டா ஹீரோ வருவாரா? பழிவாங்கும் சின்ன பட்ஜெட் படங்கள் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்குது?

கோர்ட்டில் இருந்து வில்லன் சிரித்துக்கொண்டே வெளியே வருவான். சாட்சி பல்டி அடித்திருப்பார், போலீஸ் விலைபோயிருக்கும். அடுத்த ரீலில் ஹீரோ இருட்டில் காத்திருப்பார். தியேட்டரில் விசில் பறக்கும்.

இந்தக் கதையை நாம எத்தனை தடவை பார்த்திருப்போம்? ஆனாலும் சலிக்கல. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

எங்கே சூடுபிடித்தது?

தமிழில் இந்த வகைப் படங்களுக்குப் பெரிய திருப்புமுனை, 1981-ல் வந்த 'சட்டம் ஒரு இருட்டறை'. இயக்குநர் எஸ்.ஏ.சந்திரசேகர், ஹீரோ விஜயகாந்த். அப்போது அவர் பெரிய ஸ்டார் கிடையாது. இந்தப் படம்தான் அவரைத் தூக்கிவிட்டது. குடும்பத்தை அழித்த மூன்று பேரைப் பழிவாங்கும் தம்பி ஒரு பக்கம், சட்டப்படிதான் தண்டிக்கணும் என்று நிற்கும் போலீஸ் அதிகாரியான சகோதரி இன்னொரு பக்கம். கதை அவ்வளவுதான்.

அந்தக் கதை மொழி தாண்டி ஓடியது. தெலுங்கில் சிரஞ்சீவி, கன்னடத்தில் சங்கர் நாக் நடித்தார்கள். 1983-ல் இந்தியில் 'அந்தா கானூன்' ஆனது. ரஜினிகாந்துக்கு அதுதான் முதல் இந்திப் படம். ஸ்டாரை நம்பாமல் கதையை நம்பி எடுத்த ஒரு படம், பல ஸ்டார்களுக்குத் தீனி போட்டது.

வடபழனிக்கு என்ன தொடர்பு?

வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆற்காடு சாலையில் ஏவிஎம், அந்தப் பக்கம் விஜயா வாஹினி, கொஞ்ச தூரத்தில் பிரசாத். டப்பிங் தியேட்டர், எடிட்டிங் ரூம், வேலைக்குக் கிளம்பும் ஸ்டண்ட் கலைஞர்கள் என எல்லாம் இங்கேயே. படம் எடுக்க மட்டுமல்ல, பார்க்கவும் இதே ஏரியாதான். குறைந்த டிக்கெட் விலைக்குப் பேர் போன ஏவிஎம் ராஜேஸ்வரி தியேட்டர் இப்போது இல்லை. கமலா மட்டும் இன்னும் நிற்கிறது.

பழிவாங்கும் கதைக்கு வெளிநாட்டு லொகேஷன் தேவையில்லை. ஒரு வீடு, ஒரு கோர்ட் செட், ஒரு குடோன் போதும். கதையின் எஞ்சின் ஹீரோவின் கோபம். அதற்குச் செலவே இல்லை!

அதைவிடக் குறைந்த செலவில் இன்னொரு வழியும் இருந்தது. டப்பிங் உரிமை வாங்கி, குரல் மட்டும் பதிவுசெய்து வெளியிடுவது. டாக்டர் ராஜசேகர் நடித்த தெலுங்கு 'அங்குசம்', 'இதுதாண்டா போலீஸ்' ஆகத் தமிழில் சக்கைப்போடு போட்டது. விஜயசாந்தியின் 'கர்த்தவ்யம்', 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆக வந்து ஓடியது.

சரி, நமக்கு ஏன் பிடிக்குது?

முதல் காரணம், காத்திருப்பு. இந்திய நீதிமன்றங்களில் 5 கோடிக்கும் அதிகமான வழக்குகள் நிலுவையில் உள்ளன. நிலத் தகராறோ, விபத்து இழப்பீடோ, வாய்தா மேல் வாய்தா என அலைந்தவர்களுக்கு, இரண்டரை மணி நேரத்தில் தீர்ப்பு கிடைப்பதே பெரிய ஆறுதல்.

இரண்டாவது, ஹீரோ நம்மை மாதிரி ஒருத்தர். 1985-ல் வந்த 'நான் சிகப்பு மனிதன்' படத்தில் ரஜினி ஒரு கல்லூரிப் பேராசிரியர். பகலில் பாடம், இரவில் துப்பாக்கி.

மூன்றாவதுதான் முக்கியம். குற்றவாளி யார் என்று கேமரா நமக்கு முன்னாடியே காட்டிவிடுகிறது. நாமே நேரில் பார்த்த சாட்சி ஆகிவிடுகிறோம். அதனால் விசாரணை என்பது வீண் வேலையாகத் தெரிகிறது. நிஜத்தில் அப்படி ஒரு கேமரா கிடையாது. அதனால்தான் விசாரணையே தேவைப்படுகிறது.

இந்தப் படங்களின் இன்னொரு முகம்

ஹீரோவின் கோபத்தை நியாயப்படுத்த, ஒரு பெண்ணுக்கு நடக்கும் கொடுமையை நீளமாகக் காட்டுவது இந்தப் படங்களின் பழைய வழக்கம். போஸ்டரிலும் அதுவே விற்கப்படும். குற்றத்தைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டே, அந்தக் குற்றத்தைக் காட்சிப்பொருளாக்கிக் காசு பார்ப்பது. அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆச்சு, அவள் என்ன நினைத்தாள் என்று பல படங்கள் கேட்பதே இல்லை.

ஹாலிவுட்டிலும் இதே கதைதான்

1974-ல் வந்த 'டெத் விஷ்' படத்தில், மனைவியை இழந்த ஓர் ஆர்க்கிடெக்ட் நியூயார்க் தெருக்களில் திருடர்களைச் சுட்டுத் தள்ளுவார். ஆனால் ஒரு விஷயம் பலருக்கு நினைவிருக்காது. உண்மையான குற்றவாளிகளை அவர் கடைசிவரை கண்டுபிடிக்கவே மாட்டார். மூல நாவலை எழுதிய பிரையன் கார்ஃபீல்டுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. அவர் எழுதியது எச்சரிக்கை, திரையில் வந்ததோ கொண்டாட்டம். அதற்குப் பதிலாக 1975-ல் இன்னொரு நாவலே எழுதினார்.

படத்தில் வரும் சட்ட ஓட்டை நிஜமா?

'அந்தா கானூன்' படத்தில் அமிதாப் பச்சன், செய்யாத கொலைக்காகச் சிறை சென்றவர். செத்ததாகச் சொன்னவன் உயிரோடு இருப்பது தெரிந்ததும், கோர்ட்டிலேயே அவனைக் கொல்வார். "தண்டனையை ஏற்கனவே அனுபவிச்சாச்சே" என்பதுதான் வாதம்.

கைதட்டலாம், ஆனால் நிஜத்தில் செல்லாது. அரசியலமைப்பின் 20(2) பிரிவு, ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது என்கிறது. புதிதாகச் செய்யும் கொலை, புதிய குற்றம். தற்காப்புக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இடம் தருகின்றன. ஆனால் ஆபத்து முடிந்த பிறகு தேடிப்போய்த் தாக்குவது தற்காப்பு ஆகாது.

கைதட்டல் தியேட்டரைத் தாண்டினால்?

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பெண் மருத்துவர் கொலை வழக்கில் கைதான நான்கு பேரை போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ் மீது பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, 10 போலீசார் மீது கொலை வழக்கு விசாரணைக்குப் பரிந்துரைத்தது.

அடுத்த ஆண்டே, 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்ட ஒரு தந்தையும் மகனும் உயிரிழந்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. விசாரணை இல்லாமல் அடிக்கும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால், அது யார் மேல் விழும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. சாத்தான்குளம் காட்டியது அதைத்தான்.

சினிமாவும் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கிறது. 1985-ல் இரவில் வேட்டையாடிய அதே ரஜினி, 2024-ல் த.செ.ஞானவேல் இயக்கிய 'வேட்டையன்' படத்தில், ஒரு நிரபராதியை என்கவுன்ட்டர் செய்துவிட்டுத் தவிக்கும் போலீஸ் அதிகாரியாக வந்தார்.

அப்போ இந்தப் படங்களைப் பார்க்கக் கூடாதா? தாராளமா பார்க்கலாம், விசிலும் அடிக்கலாம். அந்தக் கோபம் உண்மையானது, தாமதமாகும் நீதிதான் அதற்குக் காரணம். ஆனால் அடுத்த முறை ஒரு குற்றச் செய்தியைப் பார்த்து "இவனையெல்லாம் சுட்டுத் தள்ளணும்" என்று ஃபார்வர்டு செய்யும் முன், ஒரு கேள்வி கேளுங்க: குற்றவாளி இவர்தான் என்று உங்களுக்குக் காட்டிய கேமரா எது?