டேட்டிங் ஆப்பில் பழகியவரைத் தனியா சந்திக்கப் போறீங்களா? மிரட்டல் வலையில் சிக்காமல் இருப்பது எப்படி?

நாலு நாள் சாட். 'இன்னைக்கு ஃப்ரீயா?' என்று ஒரு மெசேஜ். கூடவே ஒரு லொகேஷன். எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் ஷிஃப்ட் வேலை முடிந்து கிளம்பவே பலருக்கு இரவாகிவிடும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் எண்ணூர் விரைவுச்சாலை ஓரமும் கடற்கரைக் கருங்கல் தடுப்புகளும் அந்நேரத்தில் முதல் சந்திப்புக்கு ஏற்ற இடங்கள் அல்ல.

வலை எப்படி விரிக்கப்படுகிறது?

வரச் சொன்னது ஒருவர், அங்கே நிற்பது நாலு பேர். போனைப் பிடுங்கி, யுபிஐ பின் நம்பரைக் கேட்டு அடிப்பார்கள். அரைகுறை ஆடையில் வீடியோ எடுத்து, 'வீட்டுக்கு அனுப்பிடுவோம்' என்பார்கள். இந்தக் கும்பல்களின் முதலீடே, 'இவன் வெளியே சொல்ல மாட்டான்' என்ற நம்பிக்கைதான். தன்பாலின ஈர்ப்பாளர்கள் அதிகம் குறிவைக்கப்படுவதும் அதனால்தான்.

லண்டன் சொன்ன பாடம்

லண்டனின் பார்க்கிங் பகுதியில் 2014, 2015-ல் டேட்டிங் தளங்கள் வழியே பழகிய 4 இளைஞர்களை ஸ்டீபன் போர்ட் என்பவர் கொலை செய்தார். நண்பர்களும் குடும்பத்தினரும் எழுப்பிய சந்தேகங்களைப் போலீஸ் சரியாக விசாரிக்கவில்லை. அந்தத் தவறுகள், 4 பேரில் 3 பேரின் மரணத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று 2021 டிசம்பரில் விசாரணை ஜூரி சொன்னது.

சட்டம் யார் பக்கம்?

வயதுவந்த இருவர் சம்மதத்துடன் தனிமையில் சந்திப்பது குற்றமல்ல. தன்பாலின உறவையும் குற்றப் பட்டியலிலிருந்து உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் நீக்கிவிட்டது. திருமணமாகாதவர்கள் ஹோட்டல் அறையில் தங்கத் தடை எதுவும் சட்டத்தில் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் தெளிவுபடுத்தியது. ஆகவே, 'ரூம் போட்டா பிரச்சினை' என்று பயந்து இருட்டான இடத்துக்குப் போகத் தேவையில்லை.

மிரட்டிப் பணம் பறிப்பதுதான் குற்றம். பழைய சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1-ல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவில் அது 7 ஆண்டு வரை.

கிளம்பும் முன்

* வீடியோ கால் பேசுங்கள். முகம் காட்ட மறுத்தால் சந்திப்பு வேண்டாம்.
* முதல் சந்திப்பு டீக்கடையிலோ, விம்கோ நகர் மெட்ரோ போல கேமராவும் ஆட்களும் உள்ள இடத்திலோ இருக்கட்டும். கடைசி நிமிடத்தில் இடத்தை மாற்றினால் திரும்பிவிடுங்கள்.
* நம்பகமான ஒருவருக்கு வாட்ஸ்அப் லைவ் லொகேஷனை 8 மணி நேரத்துக்கு அனுப்புங்கள். 'இத்தனை மணிக்குள் கால் வரலைன்னா தேடு' என்று சொல்லி வையுங்கள்.
* யுபிஐ தினசரி வரம்பைக் குறைத்துவிடுங்கள். வண்டி உங்களுடையதாக இருக்கட்டும்.

சிக்கிவிட்டால்?

பணமோ போனோ போகட்டும், உயிர்தான் முக்கியம். வெளியே வந்ததும் 112-க்கு அழையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. சாட்டையும் ஆப்பையும் அழிக்காதீர்கள், ஆதாரமே அவைதான். சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்தது என்ற குழப்பமும் வேண்டாம். எங்கே புகார் கொடுத்தாலும் 'ஜீரோ எஃப்ஐஆர்' பதிய வேண்டும்.

ஒருமுறை பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, அடுத்த மாதமும் வரும். ஒரு நண்பரிடமாவது விஷயத்தைச் சொல்லிவிட்டால், அவர்கள் கையில் இருக்கும் வீடியோவின் மதிப்பு பாதியாகக் குறைந்துவிடும்.