எழுந்ததும் மணி கேட்கும் கம்ப்யூட்டர்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிறது. கம்ப்யூட்டர் அறையில் எல்லாவற்றையும் ஆன் செய்கிறார்கள். ஒன்று மட்டும் பல வருஷம் முந்தைய தேதியைக் காட்டுகிறது. அதில் இணையமும் சரியாக வராது. பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். தேதியே தப்பாக இருக்கும் கம்ப்யூட்டருக்கு எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத்தான் தெரியும்.

கரண்ட் இல்லாதபோதும் கம்ப்யூட்டருக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மதர்போர்டில் இருக்கும் வட்டமான சின்ன பேட்டரிதான் அதற்குச் சாப்பாடு போடுகிறது. அந்த பேட்டரியின் தயவில் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது என்ன கணக்கு? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள், 32,768 வரும். ஆகவே அந்த அதிர்வை 15 முறை பாதி பாதியாகக் குறைத்தால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைத்துவிடும்.

ஆனால் படிகம் கொஞ்சம் பிசகும். பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்தில் சரியாக ஓடும்படி செய்திருப்பார்கள். சூடு கூடினாலும் குறைந்தாலும் வேகம் குறையும். தாம்பரத்து மே மாத வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளாது! ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு நொடி தவறினால்கூட, இரண்டு மாதத்தில் அது நிமிடக்கணக்கில் போய்விடும். பேட்டரியே தீர்ந்துவிட்டால், கடிகாரம் தொழிற்சாலையில் வைத்த பழைய தேதிக்கே திரும்பிவிடும். அதனால்தான் கம்ப்யூட்டர் எழுந்து, நெட்வொர்க் கிடைத்ததும், முதல் வேலைகளில் ஒன்றாக மணி கேட்கிறது.

யாரிடம்? இந்திய நேரத்தைக் காத்துவருவது டெல்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே அணுக் கடிகாரங்கள் ஓடுகின்றன. அந்த நேரத்தை இணையத்தில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்ல சர்வர்களும் உண்டு.

தொலைவிலிருந்து கம்பி வழியே நேரம் வாங்குவது நமக்குப் பழக்கமானதுதான். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் சென்னை வானாய்வகம் எழுந்தது. நட்சத்திரங்கள் உச்சியைக் கடக்கும் கணத்தைத் தொலைநோக்கியில் பார்த்து அங்கே கடிகாரத்தைச் சரிசெய்தார்கள். ரயில்கள் வந்த பிறகு அந்த நேரம் தந்தி வழியே நாடெங்கும் போனது. மும்பை நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் நடுவாக இருந்ததால், இந்திய ரயில்வே பல காலம் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடியது! 1906 ஜனவரி 1 முதல் வந்த இந்தியப் பொது நேரத்தைவிட அது கிட்டத்தட்ட 9 நிமிடம் பின்னால் இருந்தது. வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அவசியம் பார்க்க வேண்டிய தூண்.

தந்தி வந்து சேரும் நேரத்தை ஸ்டேஷன் மாஸ்டர் பொருட்படுத்த வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு மில்லி நொடியும் முக்கியம். டெல்லியிலிருந்து பதில் வருவதற்குள் அந்த நேரம் பழசாகிவிடுமே! இதற்குத்தான் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் வடிவமைத்த என்.டி.பி. என்ற முறை இருக்கிறது. 1985-இல் வெளியானது, இன்றும் அதன் புதிய வடிவங்கள்தான் உலகெங்கும் ஓடுகின்றன. அதன் கணக்கை நம் மின்சார ரயிலில் போட்டுப் பார்ப்போம்.

தாம்பரத்தில் உங்கள் வாட்ச்சில் 8:00. நண்பனைக் கடற்கரை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறீர்கள். அவன் அங்கே இறங்கும்போது, சரியான நேரம் காட்டும் அந்த ஸ்டேஷன் கடிகாரத்தில் 9:10. திரும்ப ரயில் ஏறும்போது 9:20. இரண்டையும் குறித்துக்கொள்கிறான். தாம்பரம் வந்து சேரும்போது உங்கள் வாட்ச்சில் 10:10. மொத்தம் 2 மணி 10 நிமிடம். அங்கே நின்ற 10 நிமிடத்தைக் கழித்தால் பயணம் 2 மணி நேரம்; ஒரு வழிக்கு 1 மணி. அப்படியானால் அவன் வந்திறங்கிய சரியான நேரம் 10:20. உங்கள் வாட்ச் 10 நிமிடம் பின்னால்! பயணம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டித் தெரியாமலே விடை கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா? எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்தது இதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. போகும்போது மட்டும் ரயில் கிண்டியில் 20 நிமிடம் நின்றிருந்தால்? விடை 10 நிமிடம் தவறிவிடும். ஏனென்றால் போகவும் வரவும் ஒரே நேரம் ஆகும் என்று வைத்துத்தான் கணக்கே போட்டோம். அதனால் கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டு நிறுத்தாது. பல முறை, பல சர்வர்களிடம் கேட்கும். சீக்கிரம் திரும்பி வந்த பதிலை அதிகம் நம்பும். மற்றவற்றோடு ஒத்துப்போகாத சர்வரை ஒதுக்கிவிடும்.

சரி, பிழை தெரிந்துவிட்டது. எப்படித் திருத்துவது? கம்ப்யூட்டர் எழும் வேளையில் மற்ற வேலைகள் பெரும்பாலும் தொடங்கியிருக்காது. அப்போது முள்ளை ஒரேயடியாகச் சரியான இடத்துக்குத் தள்ளிவிடலாம். நடுவில் அப்படிச் செய்தால் ஆபத்து. கடிகாரம் பின்னோக்கிக் குதித்தால், பிறகு சேமித்த கோப்பு முன்னால் சேமித்ததைவிடப் பழையதாகிவிடும். டிக்கெட் முன்பதிவில் யார் முதலில் கேட்டார் என்பதே குழம்பிவிடும். ஆகவே வேலைக்கு நடுவே சின்னப் பிழை வந்தால் கடிகாரத்தின் ஓட்டத்தைத்தான் துளி கூட்டுவார்கள், அல்லது குறைப்பார்கள். நொடிக்கு அரை மில்லி நொடி என்பது வழக்கமான அளவு. அந்தக் கணக்கில் ஒரு நொடிப் பிழை தீர 2,000 நொடி, அதாவது அரை மணிக்குச் சற்று மேல் ஆகும்.