மிகத்தாழ் மீடிறன் ஏரியலின் வினைத்திறனை அளத்தல்

வானொலி நிலையமொன்றின் ஆற்றலை அதன் பொறியறை மானிகளைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் இயலாது. ஏரியலுக்கு ஊட்டப்படும் வலு வேறு. அது கதிராக வெளியே வீசும் வலு வேறு. மிகத்தாழ் மீடிறன் நிலையங்களில் இவ்விரண்டுக்குமுள்ள வேற்றுமை பெரிதாகும்.

சுவீடன் நாட்டுக் கிறிமெற்றன் நிலையம் இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவுடன் தந்திச் செய்தி பரிமாறுவதற்கென 1924 இல் பணி தொடங்கிய இந்நிலையம், அலெக்சாண்டர்சன் வகுத்த மின்பிறப்பாக்கியைக் கொண்டது. இன்று அதன் அலைவீச்சு 17.2 கிலோஹேர்ட்ஸில் நிகழ்கின்றது; அலைநீளம் ஏறத்தாழ 17.4 கிலோமீற்றர். ஏரியலைத் தாங்கும் ஆறு கோபுரங்களின் உயரமோ 127 மீற்றர். அலைநீளத்தின் நூற்றிலொரு பங்குமன்று.

இத்துணைக் குட்டையான ஏரியலின் கதிர்வீசற்றடை மிகச் சிறிது. பயன்படும் உயரம் 100 மீற்றரெனக் கொண்டால் அது 0.05 ஓம் அளவினதாகும். நிலத்தின் தடையும் சுருள்களின் தடையும் அதனிலும் மிக்கனவாயின், வலுவின் பெரும்பகுதி மண்ணையும் செம்பையும் சூடாக்குவதிலேயே கழியும். ஏரியலைக் கோபுரந்தோறும் தனித்தனிச் சுருள்வழி நிலத்தோடு இணைத்து ஓட்டத்தைப் பகிர்ந்தளித்த அலெக்சாண்டர்சனின் முறை, நிலத்தில் நேரும் இவ்விழப்பைக் குறைத்தற்கேயாம்.

வீசப்படும் வலுவை அறிய அளப்போர் நிலையத்தை விட்டு வெளியே செல்லவேண்டும். ஏரியலுக்கு அண்மையில், வீசாது தேங்கிநிற்கும் புலமே மேலோங்கும். மிகத் தொலைவிலோ வான் மண்டலத்தில் தெறித்து வரும் அலை கலந்து குழப்பும். ஆகவே சில பத்துக் கிலோமீற்றர்த் தூரமே ஏற்றது. அங்கே சுருளேரியலால் புலச்செறிவை அளந்து தூரத்தாற் பெருக்குவர். பல தூரங்களிலும் இப்பெருக்கம் மாறாதிருப்பின் அளவை நம்பத்தக்கது. மின்கம்பிகள் புலத்தைத் திரிக்கக்கூடுமாதலின், பல திசைகளிலும் அளந்து சராசரி காண்டல் இன்றியமையாதது.

செவ்விய கடத்துநிலத்தின் மீது 1 கிலோவாற்று வீசும் குட்டையேரியல், 30 கிலோமீற்றரில் மீற்றருக்கு 10 மில்லிவோற்றுப் புலத்தைத் தரும். புலம் வலுவின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதசமமாகும். எனவே அத்தூரத்தில் 50 மில்லிவோற்றுக் காணப்படின், வீசப்படும் வலு 25 கிலோவாற்றாகும். ஊட்டிய வலு 200 கிலோவாற்றாயின் வினைத்திறன் நூற்றுக்குப் பன்னிரண்டரையே. எஞ்சிய 175 கிலோவாற்றும் வெப்பமாய்ப் போயிற்று. அம்பியர்மானி இவ்வுண்மையைக் காட்டாது. ஓட்டம் மிக்கிருப்பினும் அது எங்கே செலவாயிற்றென அம்மானி அறியாது.

மேலும், ஈரமும் பனியும் காவலிகளின் பொசிவையும் ஏரியலின் கொள்ளளவத்தையும் மாற்றும். பரிவு கூரியதாகையால் சிறு மாற்றமும் ஓட்டத்தைத் தாழ்த்தும். ஆதலால் ஒருமுறை அளத்தல் போதாது. வெவ்வேறு பருவங்களிலும் அளத்தல் வேண்டும்.

2004 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பெற்ற கிறிமெற்றன், ஆண்டுதோறும் சிறப்பு நாட்களில் அப்பழைய பொறியாலேயே செய்தி விடுக்கின்றது. கடலடியிற் செல்லும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி விடுக்கும் பிற்கால நிலையங்களும் இதே இடர்ப்பாட்டையே எதிர்நோக்குகின்றன. பொறியின் பெருமை அது உண்ணும் வலுவிலன்று, தொலைவிற் சேர்க்கும் வலுவிலேயே உளதென்பது இவ்வளவையாற் பெறப்படும் உண்மையாகும்.