லட்ச ரூபாய் சம்பளம், வெள்ளைப் புடவை: யார் இந்த கே.பி.சுந்தராம்பாள்?
அந்தக் கால நடிகை என்றாலே காஞ்சிபுரம் பட்டுதான் ஞாபகம் வரும். கே.பி.சுந்தராம்பாள் போட்டோவைத் தேடிப் பாருங்க: நெற்றி நிறைய திருநீறு, வெள்ளைப் புடவை. ஏன்?

கொடுமுடியில் 1908-ல் பிறந்தவர். சிறுவயதில் ரயிலில் பாடிப் பிழைத்தவர். நாடக மேடையில் ஜோடியான எஸ்.ஜி.கிட்டப்பாவையே மணந்தார். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, பிரிவும் வந்தது. 1933-ல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதோடு கலர் புடவையை விட்டார். ஆண்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

அப்போ சினிமா? ‘நந்தனார்’ (1935) படத்தில் நந்தனாரே இவர்தான். ஹீரோ வேடத்தையே போட்டுவிட்டால் ஜோடி எதற்கு! சம்பளம் 1 லட்சம் ரூபாய் என்பார்கள். 1951-ல் சட்ட மேலவை உறுப்பினரானார். 1953-ல் ‘ஔவையார்’: கல்யாணம் வேண்டாமென்று முதுமையைக் கேட்டு வாங்கும் பெண். 1980-ல் இறக்கும்வரை புடவையின் நிறம் மாறவில்லை.