பூனையின் நாடியில் கறுப்புப் புள்ளிகள்: நோயிலும் கொடியது கைமருந்து

மன்னார்த் தீவில் விலங்குகளின் நலன் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வீதிகளில் திரியும் கழுதைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்கு அடுத்தபடியாக எண்ணப்படுபவை பால் தரும் மாடுகளும் ஆடுகளுமே. பூனையைப் பற்றிப் பேசுவோர் அரிது. ஆயினும் தலைமன்னார், பேசாலை தொடக்கம் வங்காலை, சிலாவத்துறை வரையிலான கரையோரக் கிராமங்களில், மீன் வெட்டும் இடத்தைச் சுற்றிவரும் பூனை வீட்டில் ஒருவராகவே வாழ்கின்றது. அது நோயுற்றால் வைத்தியரை நாடுவோர் சிலரே. பெரும்பாலானோர் வீட்டில் உள்ள மருந்தையே எடுத்துப் பூசுகின்றனர் அல்லது புகட்டுகின்றனர். தானாகவே ஆறிவிடக்கூடிய ஒரு சிறு நோய் இதனால் உயிரிழப்பில் முடியலாம் என்பதனாலேயே இவ்விடயத்தை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

பூனை வளர்ப்போர் பலரும் கண்டிருக்கக்கூடிய, ஆனால் பெயர் அறியாத ஒரு தோல் நோய் உண்டு. பூனையின் நாடியிலும் கீழுதட்டு ஓரத்திலும் மிளகைப் பொடித்துத் தூவியது போன்று கறுப்புப் புள்ளிகள் தோன்றும். துடைத்தால் அவை எளிதில் போவதில்லை. மனிதரின் முகப்பருவை ஒத்திருப்பதனால் இதனை நாடிப்பரு எனக் கூறலாம். ஆண், பெண், இளையது, முதியது என்ற வேறுபாடின்றி எந்தப் பூனைக்கும் இது வரக்கூடும். சில பூனைகளுக்கு ஒரு முறை வந்து மறையும். வேறு சிலவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் வந்து வந்து போகும்.

பூனையின் நாடியில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகள் மிகுதி. கதவு நிலையிலும் கதிரைக் காலிலும் நம் கால்களிலும் பூனை நாடியை உரசுவது அன்பின் வெளிப்பாடு மட்டுமன்று, தன் மணத்தைப் பதித்து இது தனது இடம் என அறிவிக்கும் செயலுமாகும். இந்த எண்ணெயும் உதிரும் தோற்கலங்களும் சேர்ந்து மயிர்த்துளைகளை அடைக்கும்போது அடைப்பின் வாய் கறுத்துப் புள்ளியாகத் தெரிகின்றது. நாக்கு எட்டாத இடமாகையால், உடலின் ஏனைய பகுதிகளைப் போன்று நாடியைப் பூனையால் நக்கித் துப்புரவு செய்துகொள்ளவும் முடிவதில்லை.

இந்த அடைப்பு ஏன் சில பூனைகளில் மட்டும் ஏற்படுகின்றது என்பதற்கு மருத்துவம் இன்னும் ஒரே விடையைக் கண்டறியவில்லை. மன உளைச்சல், துப்புரவுக் குறைவு, வேறு தோல் நோய்கள் என்பன காரணங்களாகக் கூறப்படுகின்றன. பிளாஸ்ரிக் கிண்ணங்கள் மீதும் நெடுங்காலமாகச் சந்தேகம் உண்டு. வெறுமையான ஐஸ்கிரீம் பெட்டியிலும் மாஜரின் டப்பாவிலும் பூனைக்குச் சோறு வைப்பது எமது வீடுகளில் வழக்கம். நாட்பட அவற்றில் விழும் கீறல்களில் மீனின் எண்ணெய்ப் பசையும் பக்ரீரியாக்களும் தங்கிவிடுகின்றன. குனிந்து உண்ணும் பூனையின் நாடி ஒவ்வொரு வேளையும் அதில் படுகின்றது. இதுவே காரணம் என உறுதியாக நிறுவப்படவில்லை. எனினும் கிண்ணத்தை மாற்றுவதால் இழப்பு எதுவுமில்லை.

கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்து, பூனை வழமைபோல் உண்டு விளையாடுமாயின் அஞ்சத் தேவையில்லை. அடைபட்ட துளைகளில் பக்ரீரியா பெருகும்போதே தொல்லை தொடங்குகின்றது. நாடி சிவந்து, சிறு கட்டிகள் எழும்பி, சீழ் பிடித்து, மயிர் உதிர்ந்து, தொட்டாலே பூனை சீறும் நிலை ஏற்படும். நாடி முழுவதும் வீங்கி இரத்தம் கசிவதும் உண்டு.

நாடியில் தெரிவதெல்லாம் இந்நோயே என்று முடிவு செய்துவிடவும் கூடாது. தெள்ளுப்பூச்சியின் எச்சமும் கறுப்புப் பொடியாகவே தோன்றும். அதனைச் சீப்பினால் வாரி எடுத்து ஈரமான வெள்ளைத் தாளில் வைத்தால், உறிஞ்சிய இரத்தம் கரைந்து செங்கபில நிறம் பரவும். பருவின் புள்ளியில் அந்நிறம் வராது. வட்டமாக மயிர் உதிர்ந்து செதில் படர்ந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். பங்கசினால் வரும் அந்நோய் குழந்தைகளுக்கும் தொற்றும். நாடிப்பரு மனிதருக்குத் தொற்றுவதில்லை. சொறியை உண்டாக்கும் நுண்ணிய பூச்சிகள், பற்களின் வேரில் ஏற்படும் சீழ்க்கட்டி, ஒவ்வாமையால் எழும் தடிப்பு என்பனவும் நாடியைப் பாதிக்கும். மீன்பிடிக் கிராமங்களில் இன்னொன்றையும் மறக்கலாகாது. எறியப்பட்ட மீன் தலையிலிருந்த தூண்டில் முள் வாயில் ஏறியிருப்பினும் நாடி வீங்கும். வாயிலிருந்து தங்கூசி தொங்கினால் அதனைப் பிடித்து இழுப்பது பேராபத்து. வைத்தியரே அதனை அகற்ற வேண்டும்.

இலேசான நிலைக்கு வீட்டுப் பராமரிப்பே பெரும்பாலும் போதுமானது. பிளாஸ்ரிக் கிண்ணத்தை அகற்றி, பீங்கான், கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில், அகலமானதாகவும் ஆழம் குறைந்ததாகவும் பார்த்து, உணவும் நீரும் வைக்க வேண்டும். அதனை நாள்தோறும் சவர்க்காரமிட்டுச் சுடுநீரில் கழுவ வேண்டும். கொதித்து ஆறிய இளஞ்சூட்டு நீரில் தோய்த்த மென்மையான துணியை நாடியில் சில நிமிடங்கள் ஒற்றிப் பிடித்து, பின்னர் மெல்லத் துடைத்து உலர்த்தலாம். புள்ளிகளை நகத்தால் கிள்ளுவதும் பிதுக்குவதும் தேய்த்துச் சுரண்டுவதும் கூடாது. அவை அடைப்பை ஆழமாக்கிச் சீழுக்கு வழி திறந்துவிடும்.

செய்யக்கூடாதவற்றையே நாம் இங்கு அழுத்திக் கூற விரும்புகின்றோம். பூனையின் ஈரல் மனிதரின் ஈரல் போன்று இயங்குவதில்லை. நாம் எளிதில் கழித்துவிடும் பல பொருட்களைப் பூனையின் உடலால் முறித்து வெளியேற்ற முடிவதில்லை. அவற்றுள் முதன்மையானது பரசிற்றமோல். வீக்கத்துக்கும் நோவுக்கும் எனப் புகட்டப்படும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே நான்கு கிலோ எடையுள்ள பூனையைக் கொன்றுவிடப் போதுமானது. அதன் ஒரு பகுதிகூட நஞ்சாகலாம். இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்க, முரசு கபில நிறமாக மாறும். முகமும் பாதங்களும் வீங்கும். மூச்சு முட்டும். தவறிக் கொடுத்துவிட்டால் அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் உடனே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். முறிமருந்து உண்டு, ஆயினும் காலம் கடந்தால் அது பயன்படாது.

புண் கழுவவும் தரை துடைக்கவும் நாம் பயன்படுத்தும் பீனால் வகைக் கிருமிகொல்லிகளும் இத்தகையனவே. தோலில் பூசியதைப் பூனை பாதத்தால் வழித்து நக்கிவிடும் என்பதை மறக்கலாகாது. கழிவு ஒயில், மண்ணெண்ணெய், தேயிலை மர எண்ணெய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நாய்களின் உண்ணிக்கென விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த மருந்துகள் பூனைக்கு வலிப்பை வரவழைத்து உயிரைப் பறிக்கக்கூடியன. மனிதரின் முகப்பருக் களிம்புகளும் பூனையின் மெல்லிய தோலுக்குக் கடுமையானவை.

வீட்டுப் பராமரிப்பால் இரண்டொரு வாரங்களில் குணம் தெரியாவிடினும், சீழ், வீக்கம், நோவு, உணவு மறுத்தல் ஆகியன காணப்படினும் வைத்தியரை நாட வேண்டும். அவர் தோலைச் சுரண்டியெடுத்துப் பரிசோதித்து, தேவைக்கேற்பக் குளோரெக்சிடின் கழுவுநீரையோ பூச்சு மருந்தையோ, நோய் முற்றியிருப்பின் நுண்ணுயிர்க்கொல்லியையோ தருவார்.

நோவுள்ள பூனை கடிக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். விசர்நோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் பரவும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். காரணமின்றி மூர்க்கம் கொண்டு வாயிலிருந்து வீணீர் வடிக்கும் பூனையின் நாடியைப் பார்ப்பதற்கு எவரும் கை நீட்டலாகாது.

அரச கால்நடை வைத்திய அலுவலகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியுள்ளது. பூனையைக் கூடையிலிட்டு அங்கு கொண்டுசெல்லத் தயங்குவோர் பலர். அத்தயக்கத்தைப் போக்குவது அவ்வலுவலகங்களின் கடமை என்றே நாம் கருதுகின்றோம். பூனைக்கு நஞ்சாகும் மருந்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதி, அலுவலக வாசலிலும் மருந்தகங்களிலும் தொங்கவிடுவதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஏற்படப்போவதில்லை. ஒரு கிண்ணத்தை மாற்றினால் தீரக்கூடிய நோய்க்காக எமது வீட்டுப் பூனைகள் மடியவேண்டியதில்லை.